கவரில் எழுதாத பெயர்

திருச்சினாப்பள்ளி
20-6-1938

வீட்டுக்காரர் அவர்களுக்கு செல்வி எழுதிக்கொண்டது.

மாதா துணையால் வந்து சேர்ந்தேன். விராலிமலையில் பஸ் ஏறியதிலிருந்து திருச்சி வரைக்கும் பக்கத்து ஸீட்டுப் பெரியவர் என் டிரங்குப் பெட்டிமேல் காலை நீட்டித் தூங்கினார். எழுப்ப மனசு வரவில்லை. பெட்டிக்குள் இருந்த முறுக்கு மாவாகிவிட்டது. மாவையும் விடாமல் அறையில் எல்லாருமாகத் தின்றோம்.

கவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தலைமை உபாத்தியாயர் அவர்கள், மிஷன் பள்ளிக்கூடம், புளியடிப்பட்டி, ஆவூர் வழி என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அந்த ஊரில் தலைமை உபாத்தியாயர் ஒருவர்தானே, வேறு யார் வீட்டுக்குப் போய்விடப் போகிறது? கல்யாணமாகி ஆறு வருஷம் வாயால் சொல்லாததைத் தபால்காரருக்காக எழுதச் சொல்லாதீர்கள்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஹாஸ்டலில் என் அறையில் எட்டுப் பேர். நாலு பேர் கல்யாணமானவர்கள். பக்கத்துக் கட்டில் அமிர்தவல்லி, குடுமியான்மலைக்காரி. நல்லவள், குறட்டைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

மற்றப் பாடங்களைச் சமாளித்துவிடுவேன். இங்கிலீஷ்தான் பிடிபடவில்லை. எட்டாவது படித்து முடித்தே ஒன்பது வருஷம் ஆகிறது. மார்ச்சில் இங்கிலீஷுக்கு வாய்ப் பரீட்சை தனியாக உண்டாம். வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்து கேள்வி கேட்பாராம். அதில் தோற்றால் மற்றதில் தேறியும் பிரயோஜனம் இல்லை. நம் பங்குச் சாமியார் சொன்னது உங்களுக்குத் தெரியும். நான் தேறினால் பெண்பிள்ளைகள் வகுப்பு எனக்கு, உங்கள் வகுப்புக்கு அடுத்த அறையிலேயே. தேறாவிட்டால் ஜூனில் வேறு ஊர்க்காரியை வரவழைத்துவிடுவார். அப்புறம் நான் இன்னொரு வருஷம் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஆகையால் ஒன்றை விளங்கும்படி எழுதுங்கள். வித், டூ, ஃபார், பிட்வீன் என்று வருகிறதே, அதற்குப் பின்னால் ஐ போடுவதா, மீ போடுவதா? ஹியா, ஹிம்மா? வகுப்பில் கேட்க வெட்கமாக இருக்கிறது.

செவலைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வையுங்கள். அது புது ஆளைக் கறக்க விடாது, ஜாக்கிரதை. கூழுக்கு மாவை முந்தின நாளே கரைத்து வைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் வெறும் மாவைக் கொட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மரிய செல்வி


புளியடிப்பட்டி
3-7-1938

அன்புள்ள செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. ஏழு இடங்களில் ஒற்று விட்டிருக்கிறாய். சிவப்பு மையால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

கொதிக்கிற தண்ணீரில்தான் மாவைக் கொட்டினேன். உன் கடிதம் ஒரு நாள் பிந்தி வந்தது. எலுமிச்சங்காய் அளவில் கட்டி கட்டியாக இருந்ததை மோர் ஊற்றி விழுங்கினேன். கருவாட்டுக் குழம்பு வைக்கும் முறையையும் எழுது. புளி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளவோடு எழுத வேண்டும். "கொஞ்சம்" என்று எழுதினால் எனக்கு விளங்காது.

செவலை மூன்று நாள் என்னை அண்டவிடவில்லை. இரண்டு முறை செம்பை உதைத்தது, ஒரு முறை என்னை. நாலாம் நாள் என் பெரியப்பா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, உன் பச்சைக் கட்டம் போட்ட பழைய சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரைப் படி கறந்தது. இதை நீ ஒரு ஜீவனிடமும் சொல்லக்கூடாது.

நீ கேட்ட பாடம். வித், டூ, ஃபார், பிட்வீன் முதலிய வார்த்தைகள் கோவில் வாசற்படி மாதிரி. படிக்கு வெளியே ஐ, ஹி, ஷி, தே. படி தாண்டி உள்ளே வந்தால் செருப்பைக் கழற்றுவதுபோல மீ, ஹிம், ஹர், தெம். கிவ் இட் டூ மீ. ஷி வென்ட் வித் ஹிம். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நாம் இன்னொருவரோடு சேர்ந்து கடைசியில் வரும்போது மரியாதை கருதி ஐ என்றுதான் முடிக்க வேண்டும். பிட்வீன் யூ அண்ட் ஐ. பதினோரு வருஷமாக ஐந்தாம் வகுப்புக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

ஆகவே, பிட்வீன் யூ அண்ட் ஐ, வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சூ. பங்கிராஸ்


திருச்சினாப்பள்ளி
10-12-1938

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி அனுப்பினால் இனிமேல் கடிதமே போட மாட்டேன்.

அரையாண்டு வாய்ப் பரீட்சை நேற்று நடந்தது. எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். இங்கிலீஷ் மிஸ் என்னைப் பார்த்து, உன் புருஷன் இப்போது யாரோடு இருக்கிறார் என்று கேட்டார்கள். நான் பயப்படவில்லை. வாசற்படியை நினைத்துக்கொண்டு, தே லிவ் வித் தெயர் கவ் என்று கணீரென்று சொன்னேன். மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஹவ் மெனி ஹஸ்பண்ட்ஸ் ஹாவ் யூ என்றார்கள். நாற்பது பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கவே வெகு நேரம் ஆயிற்று.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். ஹி என்றால் அவன். உங்களை அவன் என்று சொல்ல என் நாக்கு திரும்புமா? அவர், அவர்கள் என்று பலபேருக்குச் சொல்வதைத்தானே நாம் பெரியவர்களுக்கும் சொல்கிறோம்? அதனால்தான் தே என்றேன். வித் தெம், டூ தெம் என்று ஆறு மாதமாக உங்களை அப்படித்தான் மனசுக்குள் பழக்கி வைத்திருக்கிறேன். மிஸ் அப்புறம் பொறுமையாகச் சொன்னார்கள். இங்கிலீஷில் ராஜாவும் ஹிம்தானாம், களவாணியும் ஹிம்தானாம், ஆண்டவரும் ஹிம்தானாம். நல்ல பாஷைதான் போங்கள்.

பிறகு உங்கள் பெயரைக் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வெட்கம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மார்ச்சில் வருகிற அம்மா விடமாட்டாராம். ஐம்பதுக்குப் பதினேழு வாங்கியிருக்கிறேன். அறைக்கு வந்து தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

கருவாட்டுக் குழம்புக்குப் புளி எலுமிச்சங்காய் அளவு. உங்கள் கூழ்க்கட்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி


புளியடிப்பட்டி
15-12-1938

அன்புள்ள செல்விக்கு,

திருத்தவில்லை. சிவப்பு மைப் புட்டியை மூடியே வைத்திருக்கிறேன்.

படித்ததும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நான் ஒருவன் என்று நினைத்தால் உன் கணக்கில் நான் ஒரு கூட்டம். உதவி ஆசிரியர் ஆரோக்கியமுத்து பக்கத்தில் இருந்தார். "ஏன் சார் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. படிக்கப் போன யாரோ ஒரு பெண் இப்படிச் சொன்னாளாம் என்று மட்டும் சொன்னேன். அவரும் ரசித்தார்.

பதினேழு ஒன்றும் அவமானமில்லை. ஹிம் என்று சொன்னால் என் மரியாதை குறைந்துவிடாது. தைரியமாகச் சொல்லு.

செவலை சினையாக இருப்பது நிச்சயம். மார்ச்சில் ஈனும் என்கிறார்கள். இருபத்துமூன்றாம் தேதி விராலிமலையில் வண்டியோடு நிற்பேன். நீ வந்து சமைத்துப்போட்டால் கிறிஸ்துமஸ் அன்றாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவேன்.

சூ. பங்கிராஸ்


திருச்சினாப்பள்ளி
8-1-1939

தலைமை உபாத்தியாயர் அவர்களுக்கு,

யாரோ ஒரு பெண்ணாம். புளியடிப்பட்டியிலிருந்து படிக்கப் போன பெண்கள் என்ன நூறு பேரா இருக்கிறார்கள்?

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வெளியே வருகிறேன், பக்கத்து வீட்டு அந்தோணிமேரி அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஏண்டி செல்வி, ஒன் தெம்மு பூசைக்கு வந்திருக்காகளா?" என்று கேட்கிறாள். அவளுக்கு இங்கிலீஷில் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார்? மறுநாள் கிணற்றடியில் அதே பேச்சு. களத்துமேட்டிலும் அதே. நான் ஏன் ரெண்டாம் தேதி ஒரு வார்த்தை பேசாமல், செவலையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன் என்று இப்போதாவது விளங்குகிறதா?

உங்களிடம் மட்டும் என்று எழுதினேன். அழுததை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்? நீங்கள் என் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பால் கறந்தீர்களே, அதை நான் அமிர்தவல்லியிடம்கூடச் சொல்லவில்லை. எத்தனையோ நாள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கினேன். சொல்லியிருந்தால் இந்த ஹாஸ்டலே உருண்டு புரண்டிருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். சிரிக்கிறவர் சிரிக்கத் தகுந்தவரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிட்வீன் யூ அண்ட் ஐ தப்பு. மிஸ் கரும்பலகையில் எழுதி, பெரிய பெருக்கல் குறி போட்டு அடித்தார்கள். மரியாதையும் இல்லை, விலக்கும் இல்லை. பிட்வீன் யூ அண்ட் மீதான். நம் பாஷையிலேயே யோசித்துப் பாருங்கள். உனக்கும் எனக்கும் நடுவில் என்கிறோம். நீயும் நானும் நடுவில் என்று எந்தப் பைத்தியம் பேசும்? நானோடு வா என்று யாராவது கூப்பிடுகிறார்களா? பதினோரு வருஷமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் புகட்டியிருக்கிறீர்கள். நான் யாரிடமும் சொல்லிச் சிரிக்க மாட்டேன். கவலை வேண்டாம்.

ம. செல்வி


புளியடிப்பட்டி
20-1-1939

செல்விக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் குளத்தூரில் ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் ஆரோக்கியமுத்து. தபால்காரர் கவரை அவரிடம் கொடுத்திருக்கிறார். மேலே தலைமை உபாத்தியாயர் என்று மட்டும் இருந்ததால், ஏதோ அவசர உத்தரவு என்று பிரித்துவிட்டார். பிரித்தவர் கடைசி வரை படித்துவிட்டார். வாங்கிக்கொள்ளும்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

இரண்டு நாளில் சேலைக் கதை ஊர் முழுவதும் பரவிவிட்டது. வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சிலிருந்து மாடு கத்துகிறது. உன்னைப் பற்றி நான் சொன்னது தப்பு. அதற்கு வட்டியோடு கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கவரில் என் பெயரை எழுதியிருந்தால் அவர் பிரித்திருப்பாரா? ஐந்தே எழுத்து. ஊரில் எல்லாருடைய வாயிலும் வருகிறது, நீ ஒருத்தி மட்டும் ஆறு வருஷமாகத் தொடவில்லை. என் பெயர் உனக்கு அவ்வளவு கசக்கிறதா?

பிட்வீன் விஷயத்தைச் சாமியாரிடம் இருக்கும் பெரிய இலக்கணப் புத்தகத்தில் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி.

சூ. பங்கிராஸ்


திருச்சினாப்பள்ளி
29-1-1939

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு செல்வி அழுதுகொண்டு எழுதுவது.

சேலை விஷயம் வெளியே போனதற்கு ஆயிரம் மன்னிப்பு. கோபத்தில் எழுதினேனே தவிர, ஊர் அறிய வேண்டும் என்று எழுதவில்லை. கசப்பா என்று கேட்டுவிட்டீர்கள். அந்தக் கேள்விதான் நெஞ்சில் தைத்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை நாள் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயசு. வரப்புத் தகராறு ஒன்றுக்குச் சாட்சி சொல்ல எங்கள் அம்மாவைக் குளத்தூர் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் கூட்டிப் போயிருந்தாள். குமாஸ்தா, புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், என்னைச் சொல்லச் சொன்னாள். "ஒம் புருஷன் பேரை ஒம் வாயால சொல்லும்மா. சின்னப்புள்ள சொன்னா செல்லாது" என்று அதட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருபதாம் நாள் அப்பா விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அம்மா தான் சாகிற வரைக்கும் "என் வாயிதான் தின்னுருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்பா செத்தது காய்ச்சலில் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் எங்கள் தெருவில் நாலு சாவு. மற்ற மூன்று வீட்டிலும் யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லாம் தெரியும். தெரிந்தும் பேனாவை எடுத்து "ப" போட்டவுடன் கை நின்றுவிடுகிறது. முதல் கடிதத்துக்கு இரண்டு கவரை இப்படித்தான் பாழாக்கினேன். கசப்பு இல்லை. உங்கள் பெயரை என் வாயிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் எட்டாம் தேதி பரீட்சை. அந்த அம்மா கல்யாணமானவர்கள் எல்லாரிடமும் புருஷன் பெயரைத்தான் முதலில் கேட்பாராம். அமிர்தவல்லி தன் அண்ணன் பெயரைச் சொல்லிவிடப் போகிறாள். நான் என்ன செய்யட்டும்? பொய் சொல்லித் தேறிவிட்டு வந்து, பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கட்டுமா? சொல்லாமல் நின்று தோற்றுப்போய் இன்னொரு வருஷம் இங்கே கிடக்கட்டுமா? இல்லை, சொல்லிவிட்டு அன்றிலிருந்து இருபது நாள் எண்ணிக்கொண்டு கிடக்கட்டுமா? நீங்களே முடிவு சொல்லுங்கள்.

செல்வி


புளியடிப்பட்டி
4-2-1939

அன்புள்ள செல்விக்கு,

நான் ஒரு முட்டாள். கசப்பா என்று கேட்ட வரியை என் கடிதத்திலிருந்து கிழித்து எறிந்துவிடு.

முடிவு என்னுடையது என்றால் கேள். சொல்லிவிடு. பெயரைச் சொல்லி ஆள் சாவதென்றால், தினம் இருபது தடவை கூப்பிட்டு வேலை வாங்கும் சாமியார் என்னை என்றைக்கோ கொன்றிருப்பார். எனக்குச் சாக நேரமும் இல்லை. செவலைக்குப் பேறுகாலம் வருகிறது. இதெல்லாம் படிக்காதவர்கள் பேச்சு. நீ ஆசிரியை ஆகப் போகிறவள்.

உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பாவம், அந்தக் குமாஸ்தாவை நொந்துகொள்ள வேண்டியதற்குப் பதில் தன்னையே நொந்துகொண்டு போய்விட்டாள்.

இரண்டு காரியம் செய்தேன். ஐந்தாம் வகுப்பில் பிட்வீன் யூ அண்ட் ஐ என்று எழுதி, உன் மிஸ் போட்டதைவிடப் பெரிய பெருக்கல் குறி போட்டு அடித்தேன். இவ்வளவு நாள் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இந்தத் தப்பு எனக்கு எப்படி வந்தது தெரியுமா? சிறுவயதில் யூ அண்ட் மீ வென்ட் என்று சொன்னதற்கு என் வாத்தியார் விரல் முட்டியில் பிரம்பால் அடித்தார். அதிலிருந்து, இன்னொருவர் பக்கத்தில் நிற்கும்போது மீ என்று சொல்லவே எனக்குக் கை வலிக்கும். ஏன் அடித்தார் என்று அப்போது கேட்டிருந்தால் இப்போது இந்த அவமானம் இல்லை.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே நிற்கும்போது, சேலை போர்த்திப் பால் கறந்த கதையை நானே முழுசாகச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று ஆண்பிள்ளைகள், தங்கள் வீட்டு மாடும் அப்படித்தான் என்று மெதுவாக ஒத்துக்கொண்டார்கள். அதில் ஆரோக்கியமுத்துவும் ஒருவர்.

சூ. பங்கிராஸ்


திருச்சினாப்பள்ளி
8-3-1939

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன்.

முதலில் அமிர்தவல்லி போனாள். அண்ணன் பெயரைத் தைரியமாகச் சொன்னாள். அந்த அம்மா, அவருக்கு என்ன வேலை என்று அடுத்தபடி கேட்டதும், அண்ணன் வேலையைச் சொல்வதா வீட்டுக்காரர் வேலையைச் சொல்வதா என்று குழம்பி, இரண்டையும் சொல்லிவிட்டு வந்தாள்.

என்னைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று. நல்ல அம்மாதான். விசிறியால் தனக்கும் வீசி எனக்கும் ஒரு வீச்சு வீசினார். கேட்டார். எனக்கு அந்த அறை தாலுகா ஆபீசாகத் தெரிந்தது. அம்மா கண்ணை மூடியது தெரிந்தது. நான் கண்ணை மூடக்கூடாது என்று வைராக்கியமாகத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சொல்லிப் பார்த்தால் நல்ல பெயராக இருக்கிறது. வாய்க்கு இதமாக இருக்கிறது.

அதோடு விடவில்லை. உன்னையும் அவரையும் வைத்து, பிட்வீன் போட்டு ஒரு வாக்கியம் சொல் என்றார். பிட்வீன் ........ அண்ட் மீ தேர் ஆர் டுவென்டி மைல்ஸ் அண்ட் ஒன் கவ் என்றேன். அந்த அம்மா சிரித்தார். அது வேறு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புள்ளி வைத்த இடத்தில் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். சொல்ல வந்த வாய்க்கு எழுதுகிற கை இன்னும் துணை வரவில்லை. சிரித்துவிட்டு அறைக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இருபது நாள் முடிகிற வரைக்கும் தினம் ஒரு கார்டு போடுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம். இருக்கிறேன் என்று எழுதினால் போதும். கிணற்றில் இறங்காதீர்கள். யாராவது காய்ச்சலில் கிடந்தால் பார்க்கப் போகாதீர்கள். படிக்காதவள் பேச்சு என்று சொன்னாலும் பரவாயில்லை.

செல்வி


புளியடிப்பட்டி
10-3-1939

இருக்கிறேன்.
சூ.ப.


11-3-1939

இருக்கிறேன். கருவாட்டுக் குழம்பு உப்புக் கரித்தது. குற்றம் என்னுடையது.
சூ.ப.


14-3-1939

இருக்கிறேன். செவலை விடியற்காலையில் ஈன்றது. கிடேரிக்கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தாயும் பிள்ளையும் சௌக்கியம். தகப்பன் போல நான் வாசலில் நடந்துகொண்டிருந்தேன்.
சூ.ப.


திருச்சினாப்பள்ளி
21-3-1939

மூன்று நாளாகக் கார்டு வரவில்லை. பதினெட்டாம் தேதி வந்த கார்டே கடைசி. சாப்பாடு இறங்கவில்லை. அமிர்தவல்லி எனக்காகக் குடுமியான்மலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். நான் மாதாவுக்கு மெழுகுவத்தி வைத்தேன். இதைப் பார்த்தவுடன், யார் கையிலாவது பஸ்ஸில் பதில் கொடுத்து அனுப்புங்கள்.

செல்வி


புளியடிப்பட்டி
22-3-1939

செல்வி,

இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன். மூன்று நாளுக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். தபால்காரர் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டு இன்றுதான் திரும்பினார். நான் எழுதிப் போட்ட கார்டெல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இதை ஆரோக்கியமுத்து திருச்சிக்கு வருகிறபோது கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். பிரித்துப் படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

சாப்பிடு.

சூ. பங்கிராஸ்


புளியடிப்பட்டி
28-3-1939

அன்புள்ள செல்விக்கு,

இருபதாம் நாள். பொழுது சாய்ந்து செவலையைக் கட்டியாயிற்று. இருக்கிறேன். உடம்பில் ஒரு தும்மல்கூட இல்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம். மார்ச் எட்டாம் தேதி காலையில், தலைவலி என்று ஆரோக்கியமுத்துவிடம் வகுப்பை ஒப்படைத்தேன். பதினொரு மணிக்கு நீ சொல்லுவாய் என்று கணக்குப் போட்டு, பத்தரைக்கே கோவிலுக்குள் போய், தூணுக்குத் தூரமாக, ஓடு ஒழுங்காக இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மதியம் சாமியார் வந்து, என்ன வாத்தியாரே, இவ்வளவு பக்தி என்று கேட்டார். பிறகு இன்று வரைக்கும் கிணற்றுப் பக்கமே போகவில்லை. அந்தோணிமேரிதான் தண்ணீர் சேந்திக் கொடுத்தாள். படிக்காதவர்கள் பேச்சு என்று உனக்கு எழுதியவன் நான்தான்.

ஒரு சின்ன வருத்தம். என் பெயரை நீ சொன்னதை ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.

உனக்கு எத்தனை மார்க் என்று தெரிந்ததா?

சூ. பங்கிராஸ்


திருச்சினாப்பள்ளி
30-3-1939

ஏங்க,

இது கார்டு. தபால்காரர் படிப்பார், ஆரோக்கியமுத்து சார் படிப்பார், அந்தோணிமேரி யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். கேட்கட்டும். ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. தேறிவிட்டேன். அமிர்தவல்லியும் எப்படியோ கரையேறிவிட்டாள். சாமியாரிடம் சொல்லி அடுத்த அறையைக் கூட்டி வையுங்கள்.

திங்கட்கிழமை மதியம் விராலிமலையில் இறங்குவேன். வண்டி கட்டிக்கொண்டு வாருங்கள். ஊருக்குள் ஏங்க என்றுதான் கூப்பிடுவேன், அதில் மாற்றமில்லை. வண்டி ஆவூர் தாண்டுகிற வரைக்கும் நம் இருவரையும் மாட்டையும் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மறுபக்கத்தை நேற்று நாலு தடவை ஸ்லேட்டில் எழுதிப் பழகிவிட்டு எழுதியிருக்கிறேன். ஒற்று விட்டிருந்தால் திருத்துங்கள்.

மரிய செல்வி


ம-ள-ள-ஸ்ரீ சூ. பங்கிராஸ் அவர்கள்,
தலைமை உபாத்தியாயர்,
மிஷன் பள்ளிக்கூடம்,
புளியடிப்பட்டி,
ஆவூர் வழி,
புதுக்கோட்டை சமஸ்தானம்.